டிஷ், டைரக்ட்டிவி நிறுவனங்களால் கம்பியில்லா அதிவேக இணையத்தில் ஏன் நிலைகொள்ள முடியவில்லை?

கேள்வி: பொருநைச்செல்வி

அனைவருக்கும் வணக்கம். தொலைத்தொடர்புப் பொருளாதாரத்தில் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் இரண்டு பெரிய செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனங்களான டைரக்ட்டிவியும் டிஷ் நெட்வொர்க்கும் கம்பியில்லா அதிவேக இணையச் சேவைக்குள் நுழைவதற்கு எடுத்த முயற்சிகள்தான் என் ஆய்வுப் பொருள்.

2006 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் நடத்திய அலைக்கற்றை ஏலத்தில், ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான இவ்விரு நிறுவனங்களும் 'வயர்லெஸ் டிபிஎஸ்' என்ற பெயரில் கூட்டாகச் சேர்ந்து, 97 கோடி டாலருக்கும் அதிகமான முன்பணத்தைக் கட்டிவிட்டு, ஏலம் தொடங்கிய சில நாட்களிலேயே விலகிக்கொண்டன. அதன்பிறகு டைரக்ட்டிவி 2015-இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கைக்குப் போனது. டிஷ் மட்டும் ஆண்டுக்கணக்காக அலைக்கற்றை உரிமங்களைச் சேர்த்து, சொந்தமாக 5ஜி வலையமைப்பையும் கட்டி, கடைசியில் 2025-இல் அதன் தாய் நிறுவனமான எக்கோஸ்டார் வழியாக அந்த உரிமங்களில் பெரும்பகுதியை ஏடி அண்ட் டிக்கும் ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்பதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

கோடிக்கணக்கான வீடுகளின் கூரைகளில் ஏற்கெனவே ஆன்டெனா வைத்திருந்த நிறுவனங்கள் அதே வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுசேர்ப்பதில் ஏன் இவ்வளவு தடுமாறின? தங்கள் செயற்கைக்கோள்களையே அதற்குப் பயன்படுத்தியிருக்க முடியாதா? இதைத் தொழில்நுட்பத்தின் எல்லை என்று கொள்வதா, நிர்வாக முடிவுகளின் விளைவு என்று கொள்வதா? துறை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: அலைநீளம்

வானலை வலையமைப்புகளைத் திட்டமிடும் பணியில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கண்டுவிட்டால் மற்றவை தெளிவாகிவிடும்.

தொலைக்காட்சி ஒளிபரப்பின் பொருளாதாரமும் இணையச் சேவையின் பொருளாதாரமும் நேரெதிரானவை. புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் ஓர் அலைவரிசையை ஒருமுறை கீழே அனுப்பினால், அதை ஒரு வீடு வாங்கினாலும் ஒரு கோடி வீடுகள் வாங்கினாலும் செலவு ஒன்றுதான். வாடிக்கையாளர் கூடக்கூட ஒரு வீட்டுக்கான செலவு இறங்கிக்கொண்டே போகும். 1994-இல் டைரக்ட்டிவியும் 1996-இல் டிஷ்ஷும் சேவையைத் தொடங்கிக் கேபிள் நிறுவனங்களுக்கு ஈடுகொடுத்து வளர்ந்தது இந்தக் கணக்கினால்தான். இணையத்தில் ஒவ்வொரு வீடும் தனக்கென்று தனித் தரவைக் கேட்கிறது. அங்கே வாடிக்கையாளர் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 2011 அக்டோபரில் ஏவப்பட்ட வயாசாட்-1, இணையத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டு, அந்நாளில் உலகிலேயே மிகுந்த கொள்திறன் உடையதாக இருந்த செயற்கைக்கோள். அதன் மொத்தக் கொள்திறன் நொடிக்குச் சுமார் 140 கிகாபிட். உயர்தரக் காணொளி ஒன்றுக்கு நொடிக்கு 5 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொண்டால், அந்தச் செயற்கைக்கோள் முழுவதையும் பயன்படுத்தினாலும் ஒரே நேரத்தில் 28,000 வீடுகள்தான் காணொளி பார்க்க முடியும். 2014-இல் அமெரிக்காவில் டைரக்ட்டிவிக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களும் டிஷ்ஷுக்குச் சுமார் 1.4 கோடி வாடிக்கையாளர்களும் இருந்தார்கள் என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், "ஏற்கெனவே கூரையில் ஆன்டெனா இருக்கிறதே" என்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும்.

தாமதம் இன்னொரு தடை. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேட்பு மேலே போய்க் கீழே வந்து, விடையும் அதே வழியில் மேலே போய்க் கீழே வருவதற்கு ஒளியின் வேகத்திலேயே அரை நொடிக்கு அருகில் ஆகிவிடும். தொலைக்காட்சி பார்ப்பவருக்கு இந்த அரை நொடி தெரியவே தெரியாது. குரல் அழைப்பிலும், இணைய விளையாட்டிலும், அலுவலகக் கணினியோடு தொலைவிலிருந்து இணைந்து செய்யும் வேலையிலும் அது ஒவ்வொரு கணமும் குறுக்கே நிற்கும்.

இந்நிறுவனங்கள் இதை அறியாமல் இல்லை. டைரக்ட்டிவி அன்றைக்கு ஹியூஸ் குழுமத்தின் அங்கம். அந்தக் குழுமம் 1996-இலேயே 'டைரக்பிசி' என்ற சேவையைக் கொண்டுவந்தது. பதிவிறக்கம் செயற்கைக்கோள் வழியாகவும் பதிவேற்றம் தொலைபேசிக் கம்பி வழியாகவும் நடக்கும். அடுத்ததாக 'ஸ்பேஸ்வே' என்று இணையத்துக்கென்றே செயற்கைக்கோள் வரிசை ஒன்றைத் திட்டமிட்டார்கள். 2005-இல் ஸ்பேஸ்வே-1, ஸ்பேஸ்வே-2 ஆகியவை விண்ணுக்குப் போனபோது டைரக்ட்டிவி அவ்விரண்டையும் இணையத்துக்கு விடாமல் உயர்தரத் தொலைக்காட்சி அலைவரிசைகளை அனுப்பத் திருப்பிக்கொண்டது. ஸ்பேஸ்வே-3 மட்டும், தனியாகப் பிரிந்துபோன ஹியூஸ் நிறுவனத்திடம் இருந்து, 2007-இல் இணையத்துக்காக ஏவப்பட்டது. என் பார்வையில் 2006 ஏலத்தைவிடவும் அழுத்தமான சான்று இதுதான். இணையத்துக்கெனக் கட்டிய கலம் கையில் இருந்தபோதே அதைத் தொலைக்காட்சிக்குப் பயன்படுத்துவதுதான் கூடுதல் வருவாய் தரும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அன்றைய கணக்குப்படி அந்த முடிவில் பிழை காண்பதும் கடினம்.

ஆனால் அதே ஆண்டுகளில் கேபிள் நிறுவனங்கள் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றையும் ஒரே கட்டணத்தில் கொடுக்கத் தொடங்கிவிட்டன. அதை எதிர்கொள்ள இவர்களிடம் சொந்த இணையம் இல்லை. டைரக்ட்டிவி 2001-இல் தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் தரும் ஒரு டிஎஸ்எல் நிறுவனத்தை வாங்கி, 2002 டிசம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்திருந்தது. 2006-இல் இரு நிறுவனங்களும் வைல்ட்புளூ என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையை விற்றுத்தர ஒப்புக்கொண்டன. அதன் உச்ச வேகமே நொடிக்கு 1.5 மெகாபிட். 2007 ஜூனில் கிளியர்வயர் நிறுவனத்தின் கம்பியில்லா இணையத்தை விற்றுத்தரவும் ஒப்பந்தம் செய்தன. அடுத்தவர் சரக்கை விற்றுக் கொடுப்பதில் வாடிக்கையாளர் கைநழுவிப் போகாமல் காக்கலாமே தவிர, தொழிலை வளர்க்க முடியாது.

2006 ஏலத்தில் விலகியதற்கும் இதையே காரணமாகக் கருதுகிறேன். அந்த ஏலம் செப்டம்பரில் முடிந்தபோது மொத்தத் தொகை சுமார் 1,370 கோடி டாலரைத் தொட்டிருந்தது. உரிமம் வாங்குவது செலவின் தொடக்கம் மட்டுமே. அதன்பிறகு கோபுரத்தில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும், ஒவ்வொரு கோபுரத்துக்கும் கண்ணாடியிழைக் கம்பி கொண்டுவர வேண்டும், நகராட்சி அனுமதி பெற வேண்டும். வானத்தில் ஒரு கலத்தை நிறுத்தி நாடு முழுவதையும் ஒரே நாளில் எட்டிப் பழகிய நிறுவனத்துக்கு, ஊர் ஊராகக் கோபுரம் தேடும் தொழில் முற்றிலும் புதிது.

பதில்: காட்டுமல்லி

அலைநீளம் ஐயா சொல்லியிருப்பவற்றோடு, களத்தில் பார்த்த சிலவற்றையும் சேர்க்க விரும்புகிறேன். டெக்சஸ் மாநிலத்தில், செயற்கைக்கோள் தொலைக்காட்சி இணைப்புகளை வீடுவீடாகப் பொருத்தித் தரும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் பணி அட்டவணை தயாரிக்கும் பொறுப்பில் இருந்தேன்.

தொலைக்காட்சிக்கான டிஷ்ஷைப் பொருத்துவது தேர்ந்த கைக்கு எளிய வேலை. தெற்கு வானம் மறைவின்றித் தெரிய வேண்டும். கம்பம் நேராக நிற்க வேண்டும். சமிக்ஞை மானியைப் பார்த்துக்கொண்டே திருகாணியைச் சிறிது சிறிதாக இறுக்கி, டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற அலைவாங்கி சரியான செயற்கைக்கோளைப் பிடித்ததும் கேபிளைச் சுவரில் துளையிட்டு உள்ளே இழுத்துவிட்டால் முடிந்தது. இணையத்துக்கான டிஷ் அப்படியல்ல. அது அனுப்பவும் செய்வதால், கோணம் இம்மியளவு பிசகினால்கூடப் பக்கத்துச் செயற்கைக்கோளுக்கு இடையூறு நேரும். ஆகவே குறி வைக்கும் வேலை மிகவும் நுணுக்கமானது, நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். தொலைக்காட்சி இணைப்புக்குப் போன ஒருவரையே "இணையத்தையும் சேர்த்துப் பொருத்திவிடுங்கள்" என்று அனுப்பிவிட முடியாது என்பதை நிறுவனங்கள் மெதுவாகத்தான் உணர்ந்தன.

வாடிக்கையாளர்களின் மனக்குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவை இருந்தது, பெயர் வேண்டாம். மாதத்துக்கு இவ்வளவு தரவு என்று வரம்பு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும் மாதங்களில் அது பாதியிலேயே தீர்ந்துபோகும். பிறகு மின்னஞ்சல் திறப்பதற்கே காத்திருக்க வேண்டும். அழைத்துக் கேட்டால் அடுத்த உயர்ந்த திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். கம்பி வழியாக வேறு இணைப்பு கிடைக்காத ஊர் என்பதால் பொறுத்துக்கொண்டோம். கிராமப்புற வாடிக்கையாளர் இச்சேவையை எந்த நிலையில் வாங்கினார் என்பதை எண்ணிக்கைகளில் காண முடியாது; உங்கள் ஆய்வேட்டில் அதற்கும் இடம் கொடுங்கள்.

இன்னொரு செய்தி பொதுவாகப் பேசப்படுவதில்லை. 2013-இல் வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலைப்பகுதியில், என்டெலோஸ் என்ற வட்டாரக் கைப்பேசி நிறுவனத்தோடு சேர்ந்து டிஷ் ஒரு சோதனை நடத்தியது. வீட்டுக்கு வெளியே, வெயில் மழைக்குத் தாங்கும் ஆன்டெனா உள்ள ரவுட்டர் ஒன்றைப் பொருத்தி, அருகிலுள்ள கோபுரத்திலிருந்து 2.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இணையம் கொடுத்தார்கள். நொடிக்கு 20 முதல் 50 மெகாபிட் வரையும் அதற்கு மேலும் வேகம் கிடைத்ததாக அறிவித்தார்கள். டெக்சஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியிலும் ஸ்பிரின்ட் என்ற கைப்பேசி நிறுவனத்தோடு சேர்ந்து இப்படியொரு சோதனை நடத்தும் திட்டத்தை அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தார்கள். இதைப் படித்தபோது எங்கள் அலுவலகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. ஏனென்றால் ஏணி, கம்பம், கேபிள், வீட்டுக்காரரோடு பேசிச் சம்மதம் வாங்கும் பழக்கம் என்று எங்கள் பொருத்துநர்களிடம் இருந்த அத்தனை திறமையும் இந்த முறைக்கு அப்படியே பொருந்தும். செயற்கைக்கோள் பயன்படாமல் போனாலும், செயற்கைக்கோள் நிறுவனத்தின் ஆட்கள் பயன்பட்டிருப்பார்கள்.

கேள்வியாளர்: பொருநைச்செல்வி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்பேஸ்வே பற்றிய செய்தியும் வர்ஜீனியா சோதனையும் எனக்குப் புதியவை. இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. சோதனை வெற்றி பெற்ற பிறகும் டிஷ் ஏன் அதை விரிவாக்கவில்லை? அதன் நிறுவனர் சார்லி எர்கன் வலையமைப்பைக் கட்டும் எண்ணமே இல்லாமல், விலை ஏறும் என்று எதிர்பார்த்துத்தான் அலைக்கற்றையை வாங்கிக் குவித்தார் என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. அதை ஏற்கலாமா?

பதில்: செம்மண்புழுதி

நிதித்துறையிலிருந்து எழுதுகிறேன். அந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

வாங்கியவற்றை முதலில் பார்ப்போம். 2008-இல் 700 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் சுமார் 71 கோடி டாலருக்கு உரிமங்கள். 2011-இல் திவாலான டிபிஎஸ்டி, டெர்ரஸ்டார் ஆகிய இரு செயற்கைக்கோள் நிறுவனங்களை மொத்தம் சுமார் 280 கோடி டாலருக்கு வாங்கியதன் வழியே 40 மெகாஹெர்ட்ஸ். இந்த அலைக்கற்றை செயற்கைக்கோள் தொலைபேசிக்கென்று ஒதுக்கப்பட்டது; அதைத் தரைக் கோபுரங்களிலும் பயன்படுத்தலாம் என்று 2012 டிசம்பரில் ஆணையம் அனுமதித்தவுடன் அதன் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. 2015 ஜனவரியில் முடிந்த ஏலத்தில், டிஷ் பெருமளவு பணம் போட்டிருந்த இரண்டு சிறு நிறுவனங்கள் சுமார் 1,330 கோடி டாலருக்கு ஏலம் கேட்டு, சிறு நிறுவனங்களுக்கான 330 கோடி டாலர் தள்ளுபடியையும் கோரின. அந்தத் தள்ளுபடியை ஆணையம் மறுத்துவிட்டது. 2017-இல் 600 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் மேலும் 620 கோடி டாலர்.

இத்தனை ஆண்டுகளும் கோபுரம் எழவில்லை என்பது உண்மை. ஆனால் கட்டும் எண்ணமே இல்லாதவர் 2013-இல் ஸ்பிரின்ட் நிறுவனத்தை 2,550 கோடி டாலருக்கு வாங்க முன்வந்திருக்க மாட்டார். ஸ்பிரின்ட்டிடம் கோபுரங்கள் இருந்தன. அதே ஆண்டில் கிளியர்வயருக்கும் ஒரு பங்குக்கு 4.40 டாலர் வரை விலை சொன்னார். ஸ்பிரின்ட் 5 டாலருக்கு உயர்த்தியது. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் ஸ்பிரின்ட்டைக் கைப்பற்ற, இரண்டும் டிஷ்ஷின் கையைவிட்டுப் போயின. பொருநைச்செல்வி அவர்களே, வர்ஜீனியா சோதனை ஏன் விரிவடையவில்லை என்ற உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. அங்கே பயன்பட்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் அலை டிஷ்ஷுக்குச் சொந்தமானதல்ல. நாடு முழுவதும் அந்த அலையை மிகுதியாக வைத்திருந்தது கிளியர்வயர்தான்.

அதன்பிறகு நடந்ததில்தான் எனக்கு வருத்தம் உண்டு. டி-மொபைல், ஸ்பிரின்ட் இணைப்புக்கு அனுமதி கொடுப்பதற்காக, நான்காவது கைப்பேசி நிறுவனமாக டிஷ்ஷை நிறுத்த அரசு முடிவு செய்தது. 2020 ஜூலையில் பூஸ்ட் மொபைல் என்ற கைப்பேசிச் சேவையை 140 கோடி டாலருக்கு வாங்கிய டிஷ், 2023 ஜூனுக்குள் மக்கள்தொகையில் 70 விழுக்காட்டினரை 5ஜி எட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றது. அதை நிறைவேற்றியும் காட்டியது. மூன்றே ஆண்டுகளில், அதுவும் பெருந்தொற்றின் நடுவே, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டிய அந்த வலையமைப்பில் உழைத்த பொறியாளர்களுக்குத் தக்க மதிப்பு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். கட்டி முடித்த நேரத்தில் கடன் மலையாக ஏறியிருந்தது; தொலைக்காட்சி வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருந்தார்கள்; பூஸ்ட் வாடிக்கையாளர்களும் எண்ணிக்கையில் இறங்கினார்கள். வலையமைப்புக்கு உணவூட்ட வேண்டிய தொலைக்காட்சி வருவாய் வற்றிய காலத்தில்தான் வலையமைப்பு பிறந்தது. பத்தாண்டு முன்னதாக, டிஷ்ஷின் கையில் பணமும் வாடிக்கையாளரும் நிறைந்திருந்தபோது அதைக் கட்டியிருக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் ஏடி அண்ட் டிக்குச் சுமார் 2,300 கோடி டாலருக்கும், செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸுக்குச் சுமார் 1,700 கோடி டாலருக்கும் விற்பனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. உரிமங்களைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று ஆணையம் அவ்வாண்டு விசாரணை தொடங்கியதன் அழுத்தமும் இதற்குப் பின்னால் இருந்தது. முதலீடு என்ற அளவில் எர்கன் தோற்கவில்லை. சேவை என்ற அளவில், பெரும் எண்ணிக்கையிலான வீடுகளுக்கு அவருடைய அலைக்கற்றையால் இணையம் போய்ச் சேரவில்லை.

பதில்: அலைநீளம்

செம்மண்புழுதி அவர்களின் கணக்கோடு உடன்படுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். பத்தாண்டு முன்னதாகக் கட்டியிருந்தாலும், எந்த அலையில் கட்டியிருப்பார்கள் என்பது முக்கியம். கைப்பேசிக்கு 600, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் சிறந்தவை. தொலைவு போகும், சுவரைத் துளைக்கும். ஆனால் அவற்றில் கிடைக்கும் அகலம் குறைவு. வீட்டு இணையத்துக்கு ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் நூற்றுக்கணக்கான கிகாபைட் இழுக்கும், அதற்கு 2.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற நடு அலைகளில் பெரிய தொகுதி வேண்டும். டிஷ்ஷிடம் இருந்த உரிமங்கள் துண்டு துண்டாகப் பல அலைகளில் சிதறிக் கிடந்தன.

இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. 2013-இல் டிஷ் வாங்க முயன்று இழந்த அந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் தொகுதி, கிளியர்வயரிடமிருந்து ஸ்பிரின்ட்டுக்கும், 2020 ஏப்ரலில் ஸ்பிரின்ட்டோடு சேர்ந்து டி-மொபைலுக்கும் போனது. 2021-இல் டி-மொபைல் நாடளவில் தொடங்கிய வீட்டு இணையச் சேவை, பெருமளவு அந்த அலையின் பலத்தில், 2024-இல் 50 லட்சம் வாடிக்கையாளர்களைத் தாண்டியது. வர்ஜீனியாவில் டிஷ் சோதித்துப் பார்த்த முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: கம்பியில்லா வீட்டு இணையத்துக்குத் தொழில்நுட்பத் தடை இருக்கவில்லை, 2013-இல் ஒரு நிறுவனக் கைப்பற்றலில் தோற்றதுதான் திருப்புமுனை. புவிநிலைச் செயற்கைக்கோள் இணையத்துக்குத்தான் இயற்பியல் தடை இருந்தது. அந்தத் தடையை ஸ்பேஸ்எக்ஸின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் தன் கலங்களைச் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கி, ஆயிரக்கணக்கில் பறக்கவிட்டுத் தாண்டியது. டிஷ், டைரக்ட்டிவி இரண்டும் வைத்திருந்த கலங்களை அப்படி இறக்க வழியே இல்லை.

பதில்: காட்டுமல்லி

ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். ஏடி அண்ட் டி 2015-இல் சுமார் 4,850 கோடி டாலருக்கு டைரக்ட்டிவியை வாங்கியபோது, ஆணையம் விதித்த முக்கியமான நிபந்தனை 1.25 கோடி இடங்களுக்குக் கண்ணாடியிழை இணைப்பு கொடுக்க வேண்டும் என்பது. செயற்கைக்கோள் நிறுவனத்தை வாங்குவதற்கான விலையாக அரசு கேட்டது கம்பியைத்தான். எங்களைப் போன்ற கிராமத்தவருக்கு அந்தக் கம்பி வரவில்லை. அது நகரங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும்தான் அதிகம் போனது. டைரக்ட்டிவி பகுதியை எழுதும்போது இதையும் கவனியுங்கள் அம்மா.

பதில்: செம்மண்புழுதி

ஒப்பீட்டுக்கு ஒரு நிறுவனம் தேவைப்பட்டால் 'ஸ்பெக்ட்ரம்கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் டிஷ்ஷும் டைரக்ட்டிவியும் விலகிய அதே ஏலத்தில், காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள், காக்ஸ் உள்ளிட்ட கேபிள் நிறுவனங்கள் அந்தப் பெயரில் கூட்டாகச் சேர்ந்து சுமார் 240 கோடி டாலருக்கு உரிமங்கள் வாங்கின. அவர்களும் வலையமைப்பு கட்டவில்லை; 2012-இல் வெரைசனுக்கு 360 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். வீட்டுக்குள் சொந்தக் கம்பி வைத்திருந்தவர்களால் விற்றுவிட்டும் இணையத்தில் செழிக்க முடிந்தது. டிஷ்ஷுக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் எர்கன் விற்காமல் அவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தார் என்பது என் ஊகம். ஆணையத்தின் ஏலப் பதிவுகளில் சுற்றுவாரியாக யார் எவ்வளவு கேட்டார் என்ற விவரம் 66-ஆம் எண் ஏலத்தின் கீழ் கிடைக்கும். வயர்லெஸ் டிபிஎஸ் எந்தச் சுற்றில் எந்த உரிமங்களுக்குக் கை உயர்த்தியது, எப்போது இறக்கியது என்பதை அங்கிருந்தே தொடங்கலாம்.